யோசெமிட்டி அப்பர் பைன்ஸில் 2 இரவு, 5 பேர்: குளிர், சமையல், கரடிப் பெட்டி பற்றிச் சில கேள்விகள்

ஃப்ரீமான்ட்_வேணி

எல்லோருக்கும் வணக்கம். மே மூன்றாவது வாரம் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், அப்பர் பைன்ஸ் முகாமில் 2 இரவுக்கு ஒரு சைட் கிடைத்திருக்கிறது. யாரோ கேன்சல் செய்தது, கண்ணில் பட்டதும் பிடித்துவிட்டோம். மொத்தம் 5 பேர்: நான், கணவர், 9 வயதுப் பையன், 4 வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்கு 66 வயது, முட்டிவலி உண்டு, ராத்திரி இரண்டு முறையாவது எழுந்திருப்பார். வீட்டில் யாரும் இதுவரை டெண்டில் படுத்ததில்லை. கையில் இருப்பது விருந்தாளிகளுக்காக வாங்கின ஒரு குவீன் ஏர் மேட்ரஸ், "6 பேர்" என்று போட்ட ஒரு டெண்ட், இரண்டு பர்னர் கோல்மேன் ஸ்டவ். டெண்ட் இன்னும் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை.

ஐந்து பேருக்கும் அந்த டெண்ட் போதுமா? குளிருக்கு என்ன வாங்க வேண்டும், எதை வாங்காமல் சமாளிக்கலாம்? சோறு, பருப்பு இல்லாமல் அத்தைக்கு ஓடாது, குக்கர் கொண்டுபோகலாமா? கரடிப் பெட்டி என்று முன்பதிவுப் பக்கத்தில் போட்டிருக்கிறதே, அதில் எதையெல்லாம் வைக்க வேண்டும்? குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கே எங்கெங்கே போகலாம், எங்கே போகவே கூடாது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


பைன்_நிழல்

டெண்ட், படுக்கை இரண்டுக்கும் நான் சொல்கிறேன். சமையலுக்கு இங்கே வேறு ஆள் இருக்கிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் "6 பேர்" என்பது ஆறு பேர் கருவாடு அடுக்கின மாதிரி ஒட்டிப் படுத்தால் வரும் கணக்கு. பை, செருப்பு வைக்கும் இடம் அதில் சேராது. இந்த அளவு டெண்டுகளின் தரை பெரும்பாலும் 10 அடிக்கு 9 அடி. பெரியவர்கள் பேட் (அடியில் விரிக்கும் மெத்தை) 25 அங்குல அகலம், குழந்தைகளுடையது 20. மூன்று 25, இரண்டு 20 சேர்ந்தால் 115 அங்குலம். 10 அடிப் பக்கம் 120 அங்குலம். ஆக ஐந்து பேரும் வரிசையாகப் படுக்கலாம், மிச்சம் ஒரு சாண்கூட இருக்காது. துணிப்பைகள் ராத்திரி காருக்குள் இருக்கட்டும், உணவு இல்லாத பைகள் மட்டும். அத்தையின் படுக்கை வாசலை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் படுக்க வைத்தால் அவர் எழும் ஒவ்வொரு முறையும் வீடே எழுந்திருக்கும்.

அடுத்து குளிர். அப்பர் பைன்ஸ் இருக்கும் பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து 4,000 அடி. மே மாதம் பகலில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், அரைக்கைச் சட்டை போதும். ராத்திரி 40களுக்கு இறங்கும். இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கனமான போர்வையை மேலே போட்டுக்கொள்கிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது கீழே இருக்கும் தரை. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடும், நசுங்கின பஞ்சு குளிரைத் தடுக்காது. அதற்குக் கீழே வெறும் ஏர் மேட்ரஸ் இருந்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிருக்கு வந்துவிடும், நீங்கள் புரளப் புரள அந்தக் காற்றும் உள்ளே சுற்றிச் சுற்றி முதுகைக் குளிரவைக்கும். விடியற்காலை 3 மணிக்கு முதுகு சில்லிட்டு எழுந்திருப்பவர்களில் பாதிப் பேர் இப்படி ஏர் மேட்ரஸில் படுத்தவர்கள்.

வாங்கும் பேடில் "ஆர் வேல்யூ" என்று ஓர் எண் இருக்கும், தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு. மே மாதத்துக்கு 3-க்கு மேல் இருந்தால் நல்லது. ஏர் மேட்ரஸைத்தான் பயன்படுத்துவது என்றால் அதன் மேல், அதாவது உங்களுக்கும் மேட்ரஸுக்கும் நடுவில், மடிக்கிற ஃபோம் பாய் ஒன்றோ கம்பளியோ விரியுங்கள். ஃபோமை அடியில் போடுவதைவிட மேலே போட்டால் பலன் கூடுதல். ஊர் ஜமக்காளம் பருத்தி, ஈரம் இழுத்தால் காய நாளாகும், அதை உட்காரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் 40 டிகிரி என்று போட்டிருந்தால் 40-இல் சுகமாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல கம்பெனிகள் பெரிதாக அச்சிடுவது தாக்குப்பிடிக்கும் எல்லையை. சுகமாக இருக்கும் வெப்பநிலை அதைவிட 10 டிகிரியாவது மேலே இருக்கும், "கம்ஃபர்ட்" என்று சின்ன எழுத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு 20 டிகிரி என்று எழுதின பேக் சரியாக இருக்கும். 4 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் பேக் கொடுத்தால் காலுக்குக் கீழே காலி இடம் சூடாகவே ஆகாது. அடிப்பகுதியை மடித்து ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

படுக்கப் போகும்போது பகலில் போட்ட பனியன், சாக்ஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், வியர்வை ஈரம் உள்ளே இருக்கும். தலைக்குக் குல்லா. ஊட்டிக்குப் போகும்போது பெட்டியில் வைக்கிற மங்கி கேப்பை அத்தை கொண்டு வந்திருந்தால் அதற்கு இங்கே தான் சரியான வேலை, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

குளிருகிறது என்று டெண்டின் மேல் ஜன்னல்களை இழுத்து மூடாதீர்கள். ஐந்து பேர் மூச்சு ராத்திரி முழுக்க உள்ளேயே நின்றால் காலையில் கூரையிலிருந்து சொட்டும். மழை பெய்து டெண்ட் ஒழுகிவிட்டது என்று புதிதாக வாங்கினவர்கள் புகார் சொல்வதில் நிறைய இதுதான். தரைக்கு அடியில் போடும் விரிப்பு டெண்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே அடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து டெண்டுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கூட வரும் கம்பி முளைகள் அந்த இறுகின மண்ணில் வளைந்துபோகும். 10 அங்குல எஃகு முளை 8 வாங்குங்கள், சுத்தியல் ஒன்றும்.

இந்த வாரமே வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு முறை டெண்டைப் போட்டுப் பாருங்கள். முதல் முறை 45 நிமிடம், இரண்டாவது முறை 15 நிமிடம். அந்த 45 நிமிடத்தை இருட்டில், பசித்த குழந்தைகளோடு அங்கே போய்ச் செலவழிக்க வேண்டாம். ஸ்லீப்பிங் பேக், பேட் எல்லாம் ஆர்.இ.ஐ. என்ற முகாம் சாமான் கடைகள் சிலவற்றில் வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவைக்கு அதுவே போதும் என்பேன்.


ரசப்பொடி

வேணி, குக்கர் தாராளமா கொண்டுபோங்க. அங்க குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகவைக்கிறேன்னு உட்கார்ந்தா சிலிண்டர்தான் தீரும். 4,000 அடியில தண்ணி 96 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடு ஏறாது. அதே பார்க்குல மேல டுவாலமி பக்கம் 8,600 அடின்னா 91-தான். குக்கர்ல அந்தத் தொந்தரவு இல்ல. வீட்டுல உள்ள சூடு 121 டிகிரின்னா அங்க 119 கிட்ட வரும். ஒண்ணு ரெண்டு விசில் கூட விட்டா சரியாப் போச்சு.

5 லிட்டர் குக்கர் எடுங்க. 3 லிட்டர்ல உங்க ஆளுக்குப் பத்தாது, நிறைய போட்டா பருப்பு நுரை வந்து வெயிட் அடைச்சிக்கும். அரிசி ஒன்றரை கப், துவரம்பருப்பு அரை கப், தண்ணி 7 கப், மஞ்சள், ஒரு ஸ்பூன் எண்ணெய். இது பாதிக் குக்கருக்குக் கீழதான் நிக்கும், பருப்பு போட்டா அதுதான் எல்லை. அரைமணி ஊறவச்சிடுங்க. காத்து இல்லேன்னா முதல் விசிலுக்கு 15 நிமிஷம். காத்து அடிச்சா ரெட்டிப்பு. ஸ்டவ்வோட மூணு பக்க மறைப்பையும் நிமிர்த்தி வைங்க, மூடி காத்து வர்ற பக்கமா இருக்கட்டும். விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 12 நிமிஷம், அப்புறம் நிறுத்திட்டு தானா அடங்க விடுங்க. குளிர்ல சீக்கிரமே அடங்கும், அதனால மூடியைத் திறந்து சாதம் குழையலைன்னா பதறாம இன்னொரு விசில் விடுங்க. இதுலயே வீட்டுலேர்ந்து ஜிப்லாக்ல தட்டையா உறையவச்சு எடுத்துட்டுப் போன சாம்பாரைப் போட்டுக் கிளறினா ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சது. அந்த சாம்பார் கட்டி முதல் நாள் கூலருக்கு ஐஸ் வேலையும் பார்க்கும்.

ஒரு விஷயம். அங்க ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் சத்தம் போடக் கூடாது. குக்கர் விசில் நாலு சைட் தாண்டிக் கேட்கும். அஞ்சரைக்கு விசில் விட்டீங்கன்னா பக்கத்து டெண்ட்காரர் கரடியைவிட உங்களைப் பத்திதான் ரேஞ்சர்கிட்ட சொல்லுவார்.

காலைக்கு ரவை உப்புமா மிக்ஸ் வீட்டுலயே பண்ணிடுங்க. 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ஞ்ச மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் தாளிச்சு, அதுலயே 2 கப் ரவையை வறுத்து, ஒன்றரை டீஸ்பூன் உப்பு. ஆறினதும் ஜிப்லாக். அங்க 5 கப் தண்ணி கொதிக்கவச்சுக் கொட்டிக் கிளறினா 6 நிமிஷத்துல ரெடி. இதுல பெரிய லாபம், அங்க தாளிக்கவே வேண்டாம். தாளிச்சா எண்ணெய் மேஜை மேல தெறிக்கும், கடுகும் கறிவேப்பிலையும் கீழ கொட்டும், அந்த வாசனை மரத்துல நாள் கணக்கா நிக்கும். துடைச்சாலும் அணில் கண்டுபிடிச்சிடும்.

போய்ச் சேர்ற நாள் ராத்திரிக்குச் சமைக்கவே வேண்டாம். புளியோதரை, வறுத்த வடாம். முதல் நாள் டெண்ட் போட்டு, படுக்கை விரிச்சு, பெட்டியில அடுக்கி முடிக்கவே இருட்டிடும். மத்தியானத்துக்கு தண்ணிக்குப் பதில் பால் விட்டுப் பிசைஞ்ச சப்பாத்தி, தக்காளித் தொக்கு. தயிர்சாதம் எடுத்தா பால் நிறைய விட்டு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் போதும், இல்லேன்னா கூலருக்குள்ளயும் புளிச்சிடும். இட்லி மாவு மட்டும் வேண்டவே வேண்டாம். கார் சூட்டுல பொங்கி டப்பா மூடியைத் தள்ளிட்டு கூலர் முழுக்க ஓடும், அதைக் கழுவுற இடம் அங்க இல்ல.

கேஸ் கணக்கு: 16.4 அவுன்ஸ் பச்சை சிலிண்டர் ஒண்ணு ஒரு பர்னரை முழுத் தீயில ரெண்டு மணி நேரம் எரிக்கும். ரெண்டு பர்னரும்னா ஒரு மணி நேரம். உங்க சமையலுக்கு, டீயும் சேர்த்து, ரெண்டு போதும், மூணாவது கைக்காவலுக்கு. 2028-லேர்ந்து கலிஃபோர்னியாவுல இந்தத் தூக்கிப்போடற வகையை விக்கவே கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. புதுசா வாங்குறதா இருந்தா திரும்ப நிரப்புற வகையா வாங்கிடுங்க.

ஸ்டவ்வை மட்டும் குளிருதுன்னு டெண்டுக்குள்ள கொண்டுபோகாதீங்க, வாசல் முகப்புக்குள்ளயும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். கரி அடுப்பு அணைஞ்ச மாதிரி இருந்தாலும் அதேதான்.


மெர்சிட்_கரை

கரடிப் பெட்டி, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி பற்றி. அங்கே இருப்பது அமெரிக்கக் கருங்கரடி மட்டுமே. பெயர்தான் கருங்கரடி, பழுப்பு நிறத்திலும் இருக்கும், பார்த்துவிட்டு கிரிஸ்லி என்று பயப்பட வேண்டாம். ஆளைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடி வரும். ஒரு முறை மனிதச் சாப்பாடு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். விதிகள் கடுமையாக இருப்பதற்கு அதுதான் காரணம். உணவைச் சரியாக வைக்காவிட்டால் 5,000 டாலர் வரை அபராதம் போட அதிகாரம் உண்டு.

"உணவு" என்றால் வாசனை உள்ள எல்லாமும். திறக்காத டின், தண்ணீர் தவிர்த்த பானங்கள், காலிக் கூலர், குப்பைப் பை, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், லிப் பாம், குழந்தை துடைக்கும் வைப்ஸ். நம் வீட்டுப் பட்டியலில் இன்னும் சில சேரும்: தேங்காய் எண்ணெய், அத்தையின் தைலம், இருமல் மிட்டாய், ஊதுபத்தி, கற்பூரம், பவுடர். கைப்பையின் அடியில் கிடக்கும் பாக்குப் பொட்டலத்தையும் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். காரில் குழந்தை சீட்டைக் கழற்றி அதன் அடியில் கிடக்கும் சீரியோஸ், பிஸ்கட் துகள்களைக் கிளம்புவதற்கு முன்பே வாக்யூம் செய்துவிடுங்கள். 4 வயதுக் குழந்தையின் சீட்டுக்கு அடியில் ஒரு வேளைக்கான சாப்பாடு இருக்கும்.

பகலில் காருக்குள் உணவு இருக்கலாம், கண்ணாடிகள் முழுக்க ஏற்றி, வெளியே தெரியாதபடி. இருட்டின பிறகு காரில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. கதவின் மேல் சட்டத்தில் நகத்தைக் கொடுத்துத் தகர டின் மாதிரி மடக்கிவிடும்.

பெட்டி சைட்டிலேயே இருக்கும், பழுப்பு நிற இரும்பு. சிலவற்றின் உள்ளுயரம் 18 அங்குலம்தான். பெரிய சக்கரக் கூலர் நுழையாது. உயரம் குறைந்த கூலர் இரண்டு எடுப்பது உத்தமம், ஒன்று பால், தயிர், சாம்பாருக்கு, இன்னொன்று ஜூஸுக்கு. குழந்தைகள் ஜூஸுக்காக நாளைக்கு இருபது தடவை திறப்பார்கள், அந்தச் சூடு பாலுக்குப் போகாது. பெட்டிக் கதவைத் தள்ளினால் மூடினதாக ஆகாது. தாழ்ப்பாள் முழுக்க உள்ளே போய் "டக்" என்று விழ வேண்டும், பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நீங்கள் சைட்டில் உட்கார்ந்திருந்தாலும், எடுத்த கையோடு மூட வேண்டும். சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் உணவு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பத்தடி தள்ளி மேஜையில் விட்டுவிட்டு டெண்ட் பக்கம் திரும்பினால் நீலப் பறவை ஒன்று, ஸ்டெல்லர்ஸ் ஜே, சப்பாத்தியைத் தூக்கிப் போய்விடும். கரடியைவிட அதுதான் தினசரித் திருடன்.

கரடி சைட்டுக்குள் வந்தால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, பலமாகக் கத்தி விரட்ட வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது, அது ஓட வழி இருக்க வேண்டும். உணவு அதன் வாய்க்குப் போய்விட்டால் விட்டுவிடுங்கள். உடனே ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

பாத்திரம் கழுவுவது: குடிநீர்க் குழாயடியில் கழுவ அனுமதி இல்லை. முதலில் டிஷ்யூவால் வழித்துக் குப்பையில் போடுங்கள், பிறகு ஒரு தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்துத் தண்ணீரைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுங்கள், வடிகட்டியில் நின்ற பருக்கை, மிளகாய்த் தோல் எல்லாம் குப்பைக்கு.

நெருப்பு மூட்டும் நேரம் பள்ளத்தாக்கில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மாலை 5 முதல் ராத்திரி 10 வரை மட்டும். அங்கே சுள்ளி பொறுக்கக் கூடாது, வீட்டிலிருந்தும் விறகு கொண்டுபோகாதீர்கள், மரம் அரிக்கும் பூச்சிகள் அதோடு பயணம் செய்யும். பக்கத்துக் கடையில் வாங்குங்கள். அணைக்கும்போது மண் போட்டு மூடினால் கங்கு அடியில் காலை வரை உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் படுக்கப் போக வேண்டும்.

சைட்டுக்கு 6 பேர் வரை, குழந்தைகளும் கணக்கில் உண்டு. நீங்கள் 5, பிரச்சினை இல்லை. முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையுடன் வர வேண்டும். உள்ளே போவதும் வெளியேறுவதும் மதியம் 12 மணி.


ஃப்ரீமான்ட்_வேணி

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தேங்காய் எண்ணெய் என் மனதில் வந்திருக்கவே வராது. இன்னும் இரண்டு. அத்தையால் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது, மடக்குக் கட்டில் வாங்கலாமா? டாய்லெட் எவ்வளவு தூரம் இருக்கும்? அப்புறம் கடைசிக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே, குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது?


பைன்_நிழல்

கட்டில் வாங்குங்கள், 16 அங்குலத்துக்குக் குறையாத உயரம். அதைவிடத் தாழ்வானது முட்டிவலிக்காரருக்குத் தரையேதான். கட்டிலுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடும், அதனால் அதன் மேலும் பேட் போட வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். கால்கள் டெண்ட் தரையைக் கிழிக்காமல் இருக்க நான்கு டென்னிஸ் பந்தில் ஒரு வெட்டுப் போட்டு மாட்டுங்கள், அல்லது அட்டையை மடித்து வையுங்கள். கட்டில் வந்தால் மேலே நான் போட்ட 115 அங்குலக் கணக்கு இன்னும் இறுகிப்போகும், பல கட்டில்கள் பேடைவிட அகலம். உங்கள் கணவரும் பையனும் சின்ன 2 பேர் டெண்டில் படுக்கட்டும். இதற்காக 8 பேர் டெண்ட் வாங்குவதைவிட அது மலிவு, சுலபம்.

டாய்லெட்டுகள் ஃப்ளஷ் உள்ளவை. முன்பதிவுப் பக்கத்து வரைபடத்தில் உங்கள் சைட் எண்ணையும் பக்கத்து டாய்லெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் விளக்கு இருக்காது. ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், சிவப்பு வெளிச்சம் வரும் வகையாக இருந்தால் மற்றவர் தூக்கம் கெடாது. அத்தைக்குக் கைத்தடி ஒன்று. வாசலில் செருப்பை ஒரே இடத்தில் வைக்கப் பழக்குங்கள், டெண்ட் கயிற்றில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். ராத்திரி விழுகிறவர்கள் பெரும்பாலும் கயிற்றில் தடுக்கித்தான் விழுகிறார்கள். அப்பர் பைன்ஸில் குளியலறை கிடையாது. குளிக்க வேண்டும் என்றால் கரி வில்லேஜ் என்ற விடுதிப் பகுதிக்குப் போக வேண்டும்.


டப்ளின்_செந்தில்

குழந்தைகள் பகுதிக்கு நான். அதற்கு முன்னால் ஒரு மாற்றுக் கருத்து. ஐந்து பேரும் முதல் முறை, அதுவும் 4 மணி நேரக் கார் பயணத்துக்கு அப்பால் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்பக்கத்தில் டெண்ட் போட்டுப் பார்ப்பது போதாது, அங்கே குளிர்ந்தால் வீட்டுக்குள் ஓடிவிடலாம். மே முதல் வாரத்தில் லிவர்மோர் பக்கத்து டெல் வாலேயிலோ காஸ்ட்ரோ வேலி ஆன்டனி ஷபோவிலோ ஒரே ஓர் இரவு போய் வாருங்கள். எது மறந்தது, எது தேவையே இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும், வீடு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது.

இனி யோசெமிட்டி. மே மாதம் அருவிகள் உச்சத்தில் இருக்கும். அதே காரணத்தால் மெர்சிட் ஆறும் உச்சத்தில் இருக்கும். பனி உருகின தண்ணீர், முட்டிக்குக் கீழே இருந்தாலும் பெரியவர் காலையே வாரிவிடும், குளிரில் சில நிமிடங்களில் கை கால் மரத்துவிடும். கரையில் இருக்கும் கிரானைட் பாறைகள் வழவழவென்று தேய்ந்தவை, காய்ந்திருந்தாலும் வழுக்கும். பகல் வெயிலில் மேலே உருகின பனி மாலைக்கு மேல்தான் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும், காலையில் அமைதியாக இருந்த இடம் ராத்திரி ஏறியிருக்கும். அந்த மாதம் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். கால் நனைக்க மட்டும் என்று ஆரம்பிப்பதுதான் ஆபத்து.

நடக்க: லோயர் யோசெமிட்டி ஃபால் சுற்று 1 மைல், தார் போட்ட பாதை, அத்தையும் வரலாம், சாரல் முகத்தில் அடிக்கும். குக்ஸ் மெடோ சுற்றும் அதே அளவு, முழுக்கச் சமதளம், யோசெமிட்டி அருவியும் ஹாஃப் டோம் மலையும் தெரியும். மிரர் லேக் போய்வர 2 மைல், உங்கள் சைட்டுக்குப் பக்கத்திலிருந்தே பாதை தொடங்கும், மே மாதம் தண்ணீர் இருக்கும், கோடைக் கடைசியில் வெறும் மணல். வெர்னல் ஃபால் பாலம் வரை போய்வர 1.6 மைல், ஆனால் 400 அடி ஏற்றம். 9 வயதுக்குச் சரி, 4 வயதைத் தோளில் தூக்க ஆள் வேண்டும். பாலத்தைத் தாண்டினால் மிஸ்ட் டிரெயில், 600-க்கும் மேற்பட்ட ஈரக் கல் படிகள். இந்தத் தடவை பாலத்தோடு திரும்புங்கள். காரைச் சைட்டிலேயே விட்டுவிட்டு இலவச ஷட்டிலில் ஏறுங்கள், காலை 9 மணிக்கு மேல் பார்க்கிங் தேடுவது வீண்.

பையனுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நிரப்பிக் காட்டினால் ரேஞ்சர் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் தருவார். சைக்கிள் எடுத்துப் போனால் சமதளப் பாதை 12 மைல் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். நீங்கள் போகும் நாள் பௌர்ணமியை ஒட்டி இருந்து வானமும் தெளிவாக இருந்தால் லோயர் ஃபால் பாலத்துக்கு ராத்திரி போங்கள், நிலா வெளிச்சத்தில் வானவில் விழும்.

காணாமல் போவது பற்றி. இரண்டு குழந்தைகளுக்கும் கழுத்தில் விசில், "வழி தெரியவில்லை என்றால் பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நில், மூன்று முறை ஊது" என்று சொல்லிப் பழக்குங்கள். ஹக் எ ட்ரீ என்ற இந்தப் பாடம் 1981-இல் சான் டியேகோ பக்கம் ஒரு சிறுவன் தொலைந்து இறந்ததற்குப் பின் உருவானது. அதில் சொல்லும் இன்னொரு வேலை 2 நிமிடம்: மடித்த துண்டின் மேல் அலுமினிய ஃபாயிலை விரித்து, குழந்தை ஷூ போட்டபடி அதில் ஒரு முறை ஏறி நிற்கட்டும். அடியின் கோடுகள் அப்படியே பதியும். பெயர் எழுதிக் காரில் வையுங்கள். தேடுகிறவர்களுக்கு நூறு கால்தடங்களில் அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க அது போதும். காலையில் என்ன நிறச் சட்டை என்று ஒரு போட்டோவும்.

மூன்று இலையாக நிற்கும் பளபளப்பான செடி பாய்சன் ஓக், தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அணிலுக்குக் கையால் எதுவும் கொடுக்க விடாதீர்கள், கடிக்கும்.

பாதை: 120-ஆம் நெடுஞ்சாலையில் ப்ரீஸ்ட் கிரேடு என்ற மலையேற்ற வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுக்க வாய்ப்பு அதிகம். மெர்சிட், மாரிபோசா வழியாக 140 கொஞ்சம் சுற்று, வளைவு குறைவு. பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, மாரிபோசாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.


ரசப்பொடி

ஐஸ் சொல்ல மறந்துட்டேன். கடையில விக்கிற துண்டு ஐஸ் மறுநாளே தண்ணியாயிடும். ரெண்டு காலி பால் கேன்ல முக்கால் வாசி தண்ணி ஊத்தி ரெண்டு நாள் முன்னாடியே ஃப்ரீசர்ல வச்சிடுங்க, முழுசா ஊத்தினா வெடிக்கும். கூலரையும் முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிரவச்சிட்டு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அடுக்குங்க. சூடான கூலர்ல வச்சா பாதி ஐஸ் கூலரைக் குளிரவைக்கவே போயிடும். உருகினா அந்தத் தண்ணியையே குடிக்கலாம்.

செந்தில் சார் சொல்ற மாதிரி டெல் வாலே போனா அங்க ரக்கூன் வரும். அதுக்கு கை விரல் இருக்கு, கூலர் மூடி, ஜிப் எல்லாம் திறக்கும். கூலருக்கு ஒரு கயிறாவது கட்டுங்க.


பைன்_நிழல்

திரும்பும் நாளுக்கும் ஒன்று. 12 மணிக்குள் சைட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் பனி ஈரம் காயாத டெண்டையே சுருட்டிப் பைக்குள் திணிப்பார்கள். 7 மணிக்கே எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து, மேல் உறையைத் தனியாகக் கழற்றி வெயில் படும் பக்கம் போட்டுவிட்டு உப்புமா சாப்பிடப் போங்கள். அப்படியும் ஈரமாக இருந்தால் வீடு வந்த அன்றே கராஜில் விரித்துவிடுங்கள். இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூஞ்சை பிடித்து, உள்ளே பூசியிருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு உரிய ஆரம்பிக்கும், அந்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. கிளம்பும் முன் கரடிப் பெட்டியின் பின் மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள், பற்பசை அங்கேதான் நின்றுவிடும்.